எதிர்ப்பக்கம் மடித்த இலை

ஆறாம் மைல், கோலா கிளாவாங்
மார்ச் 12, 1950

அண்ணனுக்கு,

அம்மாவின் கருமாதி முடிந்த மறுநாளே சொல்லாமல் லோரி ஏறிவிட்டேன் என்று செல்லம் அண்ணி வருத்தப்பட்டதாக லோரிக்கார எட்மண்ட் சொன்னார். சொல்லத்தான் வாசலில் நின்றேன். நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டீர்கள்.

இங்கே வேலை கிடக்கிறது. சாய்த்த மரங்களைக் கொளுத்தி ஆறு வாரம் ஆகியும் அடிமரங்கள் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் நடுவே வாழையும் மரவள்ளியும் வைத்திருக்கிறோம். அடுத்த மழைக்கு ரப்பர்க் கன்று நட வேண்டும். இரவெல்லாம் காட்டுப் பன்றி. தகரத்தைத் தட்டினால் நகர்ந்து நின்று, நாம் முடிக்கும்வரை காத்திருக்கிறது. தோட்டத்தை விட்டுக் கிளம்பி வந்த ஐந்து குடும்பத்தில் ஒன்று போன வாரம் திரும்பிப் போய்விட்டது. உங்கள் மாப்பிள்ளை முருகையா மாமாவுக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை. "நிலம் ஆபீசுல நம்ம பேரு இருக்குலா, மயிலு. தோட்டத்து லயத்து வீட்டுல நமக்கு என்னா இருந்துச்சு, நம்பர்தான?" என்கிறார்.

ஒன்றை உங்களிடம் சொல்லவில்லை. முதல் மரம் வெட்டியபோது அது திரும்பி மாமா பக்கம் சாய்ந்தது. ஒரு முழம் தள்ளி விழுந்தது. அந்த இடத்திலேயே கல் நட்டு முனியாண்டி என்று பேர் வைத்தோம். அமாவாசைக்கு அமாவாசை ஓர் இலைச் சோறும் ஒரு சுருட்டும் வைப்பதாக வேண்டுதல். பொழுது சாய வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிட வேண்டும். விடிந்து போனால் இலை சுத்தமாக இருக்கிறது. நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும்.

கருமாதியன்று நான் பேசியதை நான் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் இளையவன். நம் மணியம். அவன் இடத்தில் நீங்கள் நின்றதைப் பார்க்காதபடி, நல்லவேளை, ரோட்டில் போலீஸ் பாஸ் கிடைக்காமல் நான் தாமதமாக வந்தேன்.

மயிலம்மாள்


வெள்ளைக்கல் தோட்டம், கோலா பிலா
ஏப்ரல் 2, 1950

மயிலம்மாளுக்கு,

கடிதம் எட்மண்ட் மூலம் கிடைத்தது. இங்கு அனைவரும் சுகம்.

நீ எழுதியவற்றுள் பதில் தேவைப்படுவதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முருகையாவுக்கு இங்கே பால்வெட்டு வேலை இன்னும் காலியாக இருக்கிறது. ஆள் எடுக்கும் மண்டோர் என் பேச்சைக் கேட்பார். காட்டோரத்தில் நான்கு குடும்பம் தனியாக இருக்கும் காலம் இல்லை இது. சென்ற மாதம் நம் ஏழாம் நம்பர் ரப்பர்க் காட்டில் கங்காணியைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். பட்டப்பகலில். சோறு கேட்டு வருகிற கம்யூனிஸ்டு துப்பாக்கியோடு வருகிறான். கொடுத்தவனைப் பிடிக்க வருகிறவனும் துப்பாக்கியோடு வருகிறான்.

இலையைச் சுத்தம் செய்வது பன்றி.

அம்மாவின் பாக்குவெட்டியைக் காணோம் என்று செல்லம் வீடு முழுக்கத் தேடினாள். அம்மா அதை இடுப்பிலிருந்து இறக்கியதே இல்லை. கடைசி இரண்டு நாளும் பாக்கு நறுக்க முடியாமல் வெறுமனே திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். அது என்னிடம் இருக்க வேண்டிய பொருள் என்று நான் சொல்லவில்லை. கேட்டு எடுத்திருக்கலாம்.

கொள்ளி விஷயம் குறித்து எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

கணேசமூர்த்தி


ஆறாம் மைல்
ஜூன் 20, 1950

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். அண்ணியிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

பன்றி இலையை மடிக்குமா?

போன மாதம் அமாவாசைக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். இலை மடித்திருந்தது. பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவன் மடிப்பதுபோல, தன் பக்கமாக. கல்லுக்கு முன்னால் புல் நசுங்கி இருந்தது. சுருட்டு மட்டும் வைத்த இடத்திலேயே கிடந்தது. பக்கத்து நிலத்து நல்லசாமியின் வேலையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். கேட்டதற்கு, "நான் தின்னா சுருட்ட உடுவனா தங்கச்சி? உங்க முனியாண்டிக்கு நெஞ்சு சளி போலிருக்கு" என்று சிரித்தார். அவர் மனைவி முத்தாயி சிரிக்கவில்லை. "சீனன் மடிக்க மாட்டான் மயிலு. மலாய்க்காரன் சாமிச் சோறு தொட மாட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த மாதம் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்தேன். கத்தரிக்காய் தின்றால் தொண்டை அரிக்கும் என்று நம் வீட்டில் அழுது புரண்டது யார்? விடிந்ததும் ஓடினேன். சோறு ஒரு பருக்கை இல்லை. கத்தரிக்காய்த் துண்டுகள் இலையின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தன. இலை தன் பக்கமாக மடித்திருந்தது.

தொழிற்சங்கத்தைத் தடை செய்த வாரத்தில் வீட்டை விட்டுக் காட்டுக்குப் போன நம் மணியம். இரண்டு வருஷம். உயிரோடு இருக்கிறான். என் சோற்றைத் தின்கிறான்.

ஆனால் அவன் தன் பக்கமாக மடிக்கிறான் அண்ணா. அம்மா போனது அவனுக்குத் தெரியாது.

மயில்


வெள்ளைக்கல் தோட்டம்
ஜூலை 1, 1950

மயிலுக்கு,

உடனே நிறுத்து. அமாவாசையும் வேண்டாம், முனியாண்டியும் வேண்டாம். சோறு கொடுத்ததாக நிரூபிக்கக்கூடத் தேவையில்லை, சந்தேகம் போதும். முருகையாவை உள்ளே வைப்பார்கள், பிறகு கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள். மூன்று வயதில் வந்தவன் அங்கே யார் வீட்டுக் கதவைத் தட்டுவான்? நீ யோசித்தாயா?

இதனுடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். விமானத்திலிருந்து போட்டது. சரணடைந்தால் நல்லபடி நடத்துவார்கள் என்று தமிழிலும் அச்சிட்டிருக்கிறது. எவ்வளவு உண்மை என்று எனக்குத் தெரியாது. தூக்கில் போடாமல் விட்ட இரண்டு பேரைத் தெரியும். கடைசியாக ஒருமுறை வைப்பதானால் இதை இலைக்கு அடியில் வை. பிறகு நிறுத்து.

ஒன்று கேட்க வேண்டும். கத்தரிக்காயை முழுவதும் ஒதுக்கியிருந்தானா, அல்லது கொஞ்சம் தின்றிருந்தானா? பசி மிஞ்சினால் அரிப்பைப் பார்க்க மாட்டான். சிறு வயதில் ஜப்பான்காரன் காலத்தில் அப்படித்தான் தின்றான். அதை மட்டும் எழுது.

உன் கடிதத்தை எரித்துவிட்டேன்.

கணேசமூர்த்தி


ஆறாம் மைல்
ஜனவரி 21, 1951

அண்ணனுக்கு,

ஆறு மாதமாக எழுதவில்லை. நிறுத்திவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்றுதான்.

நிறுத்தவில்லை. உங்கள் தாளை வைத்தேன். மிளகாயோடும் எச்சிலோடும் சேர்த்து இலைக்குள் மடித்து வைத்திருந்தான். அதுதான் அவன் பதில். நீங்கள் கேட்ட கேள்விக்கும் பதில் இருக்கிறது. கார்த்திகையிலிருந்து கத்தரிக்காயும் மிச்சமில்லை.

இப்போது எங்களுக்கும் ஆணை வந்துவிட்டது. பிப்ரவரி முடிவதற்குள் நான்கு குடும்பமும் இரண்டு மைல் கீழே இருக்கும் தோட்டத்து லயத்துக்குப் போய்விட வேண்டும். சுற்றிலும் முள்கம்பி. ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டுவார்கள். பகலில் வந்து நிலத்தைப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் காட்டில் இருப்பவர்களுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி சோறு வெளியே கொண்டுவரக் கூடாது. மத்தியானப் பசிக்கு என்ன செய்வது என்று நல்லசாமி கேட்டாராம். "திரும்பி வந்து தின்னு" என்றார்களாம். மாமா அன்றிலிருந்து கன்று நட்ட வரிசையில் போய் நின்று நின்று வருகிறார். முழங்கால் உயரம் வந்துவிட்டது அண்ணா, நீங்கள் பார்த்ததே இல்லை.

தை அமாவாசை அம்மாவின் முதல் திதி. இந்த நிலத்தில் எனக்குக் கடைசி அமாவாசையும் அதுதான். அன்றைக்கு முனியாண்டிக்குப் படைக்கப் போவதில்லை, அம்மாவுக்குப் படைக்கப் போகிறேன். கருவாட்டுக் குழம்பு, வெற்றிலை, அம்மாவின் வெள்ளைச் சேலையில் கிழித்த ஒரு துண்டு. நடுவில் அந்தப் பாக்குவெட்டி. அதைப் பார்த்தால் அவனுக்குப் புரியும். சொல்ல வேறு வழி இல்லை.

அது உங்களுக்கும் அம்மாவின் பொருள். அதனால் இந்தத் தடவை கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். மணியத்தைத் தேடிப் போலீஸ் வரும் என்று அன்று ஆபீசில் உங்களுக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரியாதா?

மயில்


வெள்ளைக்கல் தோட்டம்
ஜனவரி 30, 1951

தங்கச்சிக்கு,

வை. எள்ளுருண்டையும் சேர்த்து வை. செல்லம் செய்து கொடுத்திருக்கிறாள், எட்மண்டிடம் டின்னில் இருக்கிறது. யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. "உருண்டைய நல்லா அழுத்திப் பிடிச்சிருக்கேன், உதிராது. தூரம் போறதாச்சே" என்றாள். அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை.

உன் கடைசிக் கேள்வியைப் படித்தேன்.

அம்மாவுக்குக் கொள்ளி வைத்தபோது பின்னால் நின்ற யாரோ, "மூத்தவனா வெக்கிறான்?" என்றார்கள். அந்தக் குரல் இன்னும் போகவில்லை.

அண்ணன்


தோட்டத்து லயம், நான்காம் மைல்
பிப்ரவரி 24, 1951

அண்ணா,

மாமாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

வரிசையாக எழுதப் பார்க்கிறேன். தை அமாவாசையன்று சொன்னபடி வைத்தேன். விடிந்து போனேன். எள்ளுருண்டை இல்லை. பாக்குவெட்டி இல்லை, சேலைத்துண்டு இல்லை. சோற்றைத் தொட்டிருந்தான், பாதிகூடச் சாப்பிடவில்லை. இலை எதிர்ப்பக்கம் மடித்திருந்தது. சாவு வீட்டில் மடிப்பதுபோல, கல்லின் பக்கமாக.

கல்லுக்குப் பின்னால் ஒரு தேங்காய் ஓடு. அதில் முடி. நம் வீட்டுச் சுருட்டை முடி, கொத்துக் கொத்தாக. மொட்டையடித்திருக்கிறான் அண்ணா. இளையவன் அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை ஒரு வருஷம் கழித்து, காட்டில், தனியாக, எந்தக் கத்தியாலோ. ஓட்டின் விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது. முடியைக் கல்லின் அடியில் புதைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை, மாமாவுக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

பத்து நாள் கழித்து லயத்துக்கு வந்தோம். கேட்டில் பேர் பதிந்தார்கள். முன்பு இருந்த தோட்டம் எது, மனைவியின் கூடப்பிறந்தவர்கள் யார் என்று கேட்டார்கள். மாமா மறைக்கவில்லை. அவருக்கு மறைக்க வராது. மணியம் என்ற பேரைக் கேட்டதும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு மாமாவைத் தனியே கூட்டிப்போனார்.

மூன்றாம் நாள் பார்க்க விட்டார்கள். இன்ஸ்பெக்டர் மலாயில் பேசினார், தமிழ் மாத்தா, போலீஸ்காரர் ஒருவர், எடுத்துச் சொன்னார். "ஒன் தம்பி வெளிய வந்தா ஒன் புருசன் வீட்டுக்கு வருவான். இல்லாட்டி அடுத்த கப்பல்ல அவனுக்கு டிக்கெட் ஓசிலா, அம்மா." கேலியாகத்தான் சொன்னார், ஆனால் கண் கேலியாக இல்லை. மாமா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார். கன்றுக்குக் களை எடுத்தாயா என்று.

நான் சோறு வைத்தது அவர்களுக்கு இன்னும் தெரியாது. மணியம் உயிரோடு இருக்கும்வரை மாமாவை விடமாட்டார்கள். மணியம் சாக வேண்டும் என்று என்னால் வேண்டிக்கொள்ள முடியாது. முனியாண்டியிடம் எதைக் கேட்பது என்றே தெரியாமல் நிற்கிறேன்.

நீங்கள் ஆபீசில் இருப்பவர். ஏதாவது செய்யுங்கள். கெஞ்சுகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

மயில்


லோபாக், சிரம்பான்
ஏப்ரல் 4, 1951

மயிலுக்கு,

இதை எட்மண்ட் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். அவரே உன் கையில் கொடுப்பார். படித்து முடிக்கும்வரை அவர் நிற்பார், அவர் கண்முன் எரித்துவிடு.

யார் யாரையோ பார்த்தேன். துரை ஒரு சிபாரிசுக் கடிதம் தந்தார். அதை வாங்கிய அதிகாரி படிக்காமலே மேசையில் வைத்து அதன்மேல் டீ கோப்பையை வைத்தார். ஒரு மாதம் இப்படியே அலைந்தேன்.

போன வியாழக்கிழமை கோலா கிளாவாங்கிலிருந்து ஆள் வந்தது. காட்டில் சண்டை, மூன்று பேர் செத்திருக்கிறார்கள், அதில் ஒருவன் தமிழன், வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். வழியெல்லாம் நான் என்ன நினைத்தேன் என்று எழுதமாட்டேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம். மூன்றாவது உடம்புக்கு முகம் இல்லை. உயரம் அவன் உயரம். நிறம் அவன் நிறம். கால் மெலிந்து மூட்டு மட்டும் துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

பிறகு தலையைப் பார்த்தேன்.

முடி பின்கழுத்தில் புரண்டது. காதை மூடியிருந்தது. மொட்டை போட்டு எட்டு வாரம்கூட ஆகவில்லையே மயில். அவ்வளவு முடி எப்படி வரும்?

அவன் இல்லை. நீ எழுதியது எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அவன்தான் என்று நானே நம்பி மார்பில் அடித்துக்கொண்டிருப்பேன். தெரிந்ததால், இவன் யாரோ என்று தெரிந்தது. ஒரு நொடி எனக்கு வந்தது சந்தோஷம். ஒரு பிணத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்பட்டேன்.

மாத்தா கேட்டார். "கிராணி, நல்லாப் பாருங்க. ஒங்க தம்பிதானா? இன்ஸ்பெக்டர் எழுதணுமாம்."

நான் இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டத்து ஆபீசில் பேர் பதியும் கிராணி. இல்லாத ஆளுக்குப் பேர் போட்டதில்லை, வந்த ஆளை வரவில்லை என்று எழுதியதில்லை. அதற்காகவே என்னை யாருக்கும் பிடிக்காது, மணியத்துக்கும் சேர்த்து.

"என் தம்பிதான்லா" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எப்படி நிச்சயம் என்றார்கள். கால் விரலைத் தொட்டுக் காட்டி, "சின்ன வயசுல நான்தான் இவனுக்குச் செருப்பு வாங்குவேன்" என்றேன். அவர்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. அழுதேன். அழுகை பொய் இல்லை.

உடம்பைக் கேட்டேன், கொடுத்தார்கள். ஆற்றங்கரையில் நானும் எட்மண்டும் இரண்டு கூலியாட்களும். எட்மண்ட் கழுத்துச் சிலுவையைக் கையில் பிடித்துக்கொண்டு தூரமாக நின்றார். கொள்ளி வைத்தேன். அம்மாவுக்கு மணியம் வைக்க வேண்டியதை நான் வைத்தேன். மணியத்துக்கு என்று சொல்லி யாருக்கோ வைத்தேன். அந்தப் பிள்ளைக்கு வைக்க வேண்டியவன் எந்தத் தோட்டத்தில் இருக்கிறானோ. அவன் அம்மா உயிரோடு இருந்தால் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளிடமிருந்து அவள் பிள்ளையின் சாவை எடுத்துவிட்டேன். இதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை.

தேடப்பட்டவன் செத்துவிட்டான் என்று எழுதியாகிவிட்டது. இனி முருகையாவை வைத்திருக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. பத்துப் பதினைந்து நாளில் விடுவார்கள் என்று மாத்தா சொன்னார். நீ லயத்தில் அழ வேண்டும். தலைவிரித்து, எல்லாரும் பார்க்கும்படி அழு. உன்னால் முடியும். மணியம் இனி மணியமாக வெளியே வர முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். அந்தக் கதவையும் நான்தான் சாத்தியிருக்கிறேன்.

உன்னைப் பார்க்காமலே திரும்புகிறேன். ஆனால் வரும் வழியில் ஆறாம் மைலில் எட்மண்ட் லோரியை நிறுத்தினார். கன்றுகளைப் பார்த்தேன். இடுப்பு உயரம் இருக்கிறது. வரிசை கொஞ்சம் கோணல்.

அண்ணன்


தோட்டத்து லயம், நான்காம் மைல்
ஏப்ரல் 29, 1951

அண்ணா,

மாமா வந்துவிட்டார். முந்தாநாள் மத்தியானம், கேட்டில் சோதனை போட்டு உள்ளே விட்டார்கள். மெலிந்திருக்கிறார். வந்ததும் சாப்பிடவில்லை, வேலியைப் பிடித்துக்கொண்டு நிலம் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை கோணல் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "கிராணிக்கு நேர்கோடுதானே தெரியும். மலைச்சரிவுல அப்படித்தான் நடணும்னு சொல்லு" என்றார். இரண்டு மாதத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

நீங்கள் சொன்னபடி அழுதேன். முத்தாயி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். பொய்யாகத் தொடங்கினேன், பாதியில் நிறுத்த முடியவில்லை. யாருக்காக என்று கேட்காதீர்கள்.

நேற்று சமைத்தேன். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல். ஓர் இலை அதிகமாகப் போட்டேன். "யாருக்கு, மணியத்துக்கா?" என்று மாமா மெதுவாகக் கேட்டார். எரிந்தது மணியம் இல்லை என்பது உட்பட அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் பையனுக்குக் கத்தரிக்கா புடிக்குமோ என்னவோ" என்றார்.

சாப்பிட்டு முடித்து மாமா தன் இலையை எதிர்ப்பக்கம் மடித்தார். நானும் அப்படியே மடித்தேன். அந்த மூன்றாவது இலையை யார் மடிப்பது, எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் விளக்கு வைக்கும் நேரம்வரை அப்படியே விட்டிருந்தேன்.

இன்று காலை நிலத்துக்குப் போனேன். சோறு கொண்டுபோகவில்லை, முடியாது. கல்லைக் கழுவி வெறும் இலையை விரித்துவிட்டு வந்தேன்.

இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன்.

மயில்